மசக்கை என்று சொன்னார்கள்

“அத இப்படிக் குடு,” என்று கையை நீட்டினாள் கல்யாணசுந்தரி.

மருமகள் பாரதிப்ரியா கொடுக்கவில்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பஜ்ஜிக்குச் சீவிய வாழைக்காய் ஒரு தட்டில், கரைத்த கடலை மாவு ஒரு பாத்திரத்தில். இடுப்பில் செருகியிருந்த நீலநிற மூச்சு பம்பை முந்தானையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தபடி அவள் நின்றாள்.

“அடுப்புகிட்ட நின்னா எனக்கு இழுக்கும் அத்த. கையில இருந்தா ஒரு தைரியம்.”

“தைரியம் ஒனக்கு மட்டும் வேணுமா? எனக்கு வேணாமா? கூடத்துல அத்தன பேரு உக்காந்திருக்கறப்ப நீ அத வாயில வச்சு புஸ்ஸுன்னு அடிச்சேன்னு வையி, எம் பொண்ணு கத அதோட முடிஞ்சுது. வந்த வழியே எந்திரிச்சுப் போயிடுவாங்க.”

“யாரும் பாக்காம கொல்லையில போயி அடிச்சுக்கிறேன்.”

“போன வாரம் அப்படித்தான் போன. பக்கத்து வூட்டுக்காரி என்ன சத்தம்னு கேட்டா. மருமவ கொசு மருந்து அடிக்கிறான்னு சொல்லி வச்சேன். இன்னைக்கு வர்றவங்களுக்கு என்னன்னு சொல்லட்டும்? குடு.”

வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு சசிதரன் அந்தப் பக்கமாக வந்தான். பாரதி தன் புருஷனைப் பார்த்தாள். அவனுக்கும் விஷயம் புரிந்தது. புரிந்ததால்தான் நாற்காலியைக் கீழே வைக்காமலே பேசினான்.

“அம்மா சொல்றதக் கேளேன் பாரதி. ஒரு ரெண்டு மணி நேரம்தான?”

ரெண்டு மணி நேரம் என்று வாயால் சொல்லிவிடலாம். சொன்னவன் நல்ல ஆள்தான், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அவனுக்கு மூச்சு என்பது தானாக வந்து தானாகப் போகிற சமாசாரம். அது வராமல் நின்றால் எப்படி இருக்கும் என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. பாரதி பம்பை எடுத்து மாமியாரின் கையில் வைத்தாள்.

“அவங்க கெளம்புனதும் நானே எடுத்துத் தரேன்,” என்றாள் கல்யாணசுந்தரி. குரலில் இப்போது கொஞ்சம் தணிவு இருந்தது. அவள் கெட்ட மனுஷி இல்லை. பெண்ணைப் பெற்றவள்.

கோட்டுச்சேரிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய அந்தக் குப்பத்தில் கல்யாணப் பேச்செல்லாம் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நடக்கும். மற்ற நாளில் ஆம்பளைகள் கடலில் கிடப்பார்கள், யாரை வைத்துப் பேசுவது? தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையில், ஆளெல்லாம் வீட்டில். வெயிலும் கொளுத்தும், சம்பந்தமும் கூடிவரும். கல்யாணசுந்தரியின் மகள் சந்திராவைப் பார்க்க தரங்கம்பாடியிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை முத்துக்குமரன் துபாயில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். லீவு முடிவதற்குள் நிச்சயம் பண்ணிவிட வேண்டும் என்று அந்தப் பக்கமும் அவசரப்படுகிறார்கள். சந்திராவுக்கு இதற்கு முன்னால் வந்த இடங்கள் எல்லாம் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயிருந்தன. இந்த இடம் அமைந்தால் போதும் என்று தாய்க்காரி மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாள்.

மகளுக்கும் ஆசை இருந்தது. மாப்பிள்ளையின் போட்டோவை போனில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாதபோது பெரிசாக்கிப் பார்ப்பாள். அண்ணியிடம் மட்டும் காட்டினாள். “மூக்கு கொஞ்சம் பெருசோ?” என்று கேட்டுவிட்டு, பாரதி பதில் சொல்லுமுன் “பரவாயில்ல” என்று தானே சொல்லிக்கொண்டாள்.

பாரதிக்கு இந்த மூச்சு வியாதி பிறவியில் வந்ததல்ல. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடிய பெண். படிப்பு முடிந்து காரைக்காலில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். குடோனில் பழைய சரக்கைத் தட்டி அடுக்குகிற வேலை. முதலில் இருமல், பிறகு விடியற்காலையில் நெஞ்சில் கீச்சுக் கீச்சென்று சத்தம், பிறகு மாடிப்படி ஏற முடியாத திணறல். சளி என்று கஷாயம் குடித்தாள், உஷ்ணம் என்று இளநீர் குடித்தாள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆஸ்துமா என்றார்கள். பெரியவர்களுக்கும் புதிதாக வரும், ஒழுங்காக மருந்து எடுத்தால் எல்லாரையும் போல இருக்கலாம், பிள்ளை பெறலாம், வேலை பார்க்கலாம் என்று சொன்னார்கள். இரண்டு பம்பு கொடுத்தார்கள். ஆரஞ்சு பம்பு தினமும் காலையும் மாலையும் அடிக்க வேண்டியது. நீலம் இழுப்பு வந்தால் மட்டும்.

அந்தப்படியே அடித்தாள், அந்தப்படியே நன்றாக இருந்தாள். அங்கேதான் வந்தது வினை. நன்றாக இருக்கிற பெண்ணுக்கு வரன் வந்தது.

அவளுடைய அம்மா அமுதம், கூடை சுமந்து வரிச்சிக்குடி தெருக்களில் மீன் விற்றுப் பிள்ளையை வளர்த்தவள். உலகம் தெரிந்தவள் என்று அவளைச் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் மகளின் பெட்டியைத் திறந்து ஆரஞ்சு பம்பை எடுத்து வெளியே வைத்தாள். நீலத்தை மட்டும் ஒரு காலிப் பவுடர் டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

“ஏம்மா அத எடுக்குற? அதத்தான் தெனம் அடிக்கச் சொன்னாங்க.”

“தெனம் அடிச்சா அது வியாதிடி. எப்பயாச்சும் அடிச்சா அது சளி. யாராச்சும் பாத்துட்டாலும் சளிக்குன்னு சொல்லிக்கலாம். ஒரு புள்ள பொறக்கட்டும், அப்பறம் நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்.”

வைத்தியம் எது, வியாதி எது என்று தலைகீழாகப் புரிந்துகொண்ட அந்தத் தாயை என்ன சொல்வது? முட்டாள் என்று சொல்ல மனசு வரவில்லை. பெண்ணுக்குச் சீக்கு என்று ஒரு சொல் வெளியில் போனால் அந்தப் பெண் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான் என்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆணுக்குச் சர்க்கரை இருக்கலாம், ரத்தக்கொதிப்பு இருக்கலாம், குடித்துக் குடித்து ஈரல் வீங்கியிருக்கலாம். அதற்கெல்லாம் ஒரு பெண் கிடைப்பாள். பெண்ணுக்கு மட்டும் நகம் முதல் நுரையீரல் வரை பழுதில்லாமல் இருக்க வேண்டும்.

புகுந்த வீட்டில் கொல்லை முழுக்கக் கருவாடு காயும். கல்யாணசுந்தரிக்குக் கருவாட்டு வியாபாரம். அந்தத் தூசியிலும் நெடியிலும் ஆரஞ்சு இல்லாமல் பாரதி நீலத்தை வைத்தே காலம் தள்ளினாள். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு தினமும், பிறகு ஒரே நாளில் பல தடவை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அடித்தாள். உள்ளே புண் புண்ணாகவே இருந்தது. மேலே மட்டும் ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நீலமும் கேட்கவில்லை. உதடு கறுத்து, வயிறு ஒட்டி உள்ளே போக, சசிதரன் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு, தாயோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அமுதம் மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

அன்றைக்கு அங்கே நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

“இதுக்கு முன்னாடி மூச்சுத் திணறல் வந்திருக்கா? ஆஸ்துமா உண்டா?” என்று கேட்டார் டாக்டர். சின்ன வயசுப் பெண் டாக்டர்.

மாமியார் தெரியாது என்றாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. டாக்டர் அமுதத்தைப் பார்த்தார்.

“இல்லீங்க டாக்டரம்மா. எம் பொண்ணு ஓட்டப் பந்தயத்துல ஓடுன பொண்ணு. ஒரு தும்மல் கூட வந்ததில்ல.”

கட்டிலில் மாஸ்க்குக்குள் மகள் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று ஆட்டினாள். பேச மூச்சில்லை. சம்பந்தியம்மாள் பக்கத்திலேயே நிற்கிறாளே என்று தாய் மகளின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உயிர் போகிற நேரத்தில் டாக்டரிடம் பொய் சொல்கிற அளவுக்கு ஒரு தாயைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது நம்முடைய பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற லட்சணம்.

பாரதி கையைத் தூக்கினாள். கட்டைவிரலைக் கீழேயும் ஆள்காட்டி விரலை மேலேயும் வைத்து எதையோ அழுத்துவதுபோல் காட்டினாள். திரும்பத் திரும்பக் காட்டினாள். டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

“பம்பு அடிப்பீங்களா? எத்தன வருஷமா?”

விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. பாரதி பிழைத்துக்கொண்டாள். வெளித் தாழ்வாரத்தில் இரண்டு தாய்மாரும் மோதிக்கொண்டார்கள்.

“சீக்குக்காரியத் தலையில கட்டிட்டியே, நீ நல்லா இருப்பியா?” என்றாள் கல்யாணசுந்தரி. “ஊர்ப் பஞ்சாயத்துல வக்கிறேன். பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிடு.”

அமுதம் காலில் விழாத குறை. பஞ்சாயத்தில் வைத்தால் மகள் வாழாவெட்டி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பஞ்சாயத்து கூடவில்லை. கல்யாணசுந்தரி வீட்டுக்கு வந்து ஆற அமர யோசித்தாள். ஊரைக் கூட்டிச் சொன்னால் ஊருக்கே தெரியும். இந்த வீட்டு மருமகளுக்கு இளைப்பு என்று நாளைக்குப் பேச்சு கிளம்பும். நாளான்றைக்கு அது இந்த வீட்டுக்கே இளைப்பு என்று ஆகும். சந்திராவை எவன் கட்டுவான்? மறுநாளே சம்பந்திக்குப் போன் போட்டாள்.

“நடந்தது நடந்துபோச்சு சம்மந்தி. நம்ம ரெண்டு வூட்டோட இருக்கட்டும். மூணாம் பேருக்குத் தெரிய வேணாம்.”

“நீங்க தெய்வம் சம்மந்தி,” என்றாள் அமுதம்.

கீரியும் பாம்புமாக இருந்த இரண்டு வீடும் அன்றைக்கு ஒன்றாயின. பாரதிக்கு ஆரஞ்சு பம்பு மறுபடி வாங்கித் தந்தார்கள். யாரும் பார்க்காதபோது அடிக்கலாம் என்று அனுமதி. கருவாடு வாங்க, விற்க, பேச என்று ஆள் வராத நேரம் அந்த வீட்டில் ஏது? பாதி நாள் ஆரஞ்சு தவறிப்போகும். “சாயந்தரம் அடிச்சுக்கலாம்” என்பாள் மாமியார். சாயந்தரம் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

பெண் பார்க்க வருகிற இன்றைக்குக் காலையிலும் தவறிப்போயிற்று.

மாப்பிள்ளை வீட்டு வேன் தெருமுனையில் திரும்பியதும் கல்யாணசுந்தரி தூபக்காலில் கொட்டாங்கச்சிக் கங்கைப் போட்டு சாம்பிராணியைக் கை நிறைய அள்ளித் தூவினாள். கருவாட்டு நெடி தெரியக் கூடாதாம். வருகிறவர்களும் கடலில் பிழைக்கிறவர்கள்தான். அவர்கள் வீட்டுக் கொல்லையிலும் கருவாடு காய்கிறது. இவர்கள் போனால் அவர்களும் சாம்பிராணி போடுவார்கள். மீன்காரர் வீட்டுக்கு மீன்காரர் வர, மீன் வாசத்தை மறைக்கிற கூத்தை வேறெங்கே பார்க்க முடியும்?

கூடம் முழுக்க வெள்ளைப் புகை நின்றது. ஆம்பளைகள் வாசல் பந்தலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்ளே வந்து ஜமக்காளத்தில் அமர்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அஞ்சுகம் நல்ல வாட்டசாட்டமான அம்மாள், மடியில் ஒரு கைப்பையை அணைத்தபடி நடுவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவளுடைய நாத்தனார், வயசில் மூத்தவள், வாயாடி.

சமையலறையில் பாரதிக்கு நெஞ்சு கனக்கத் தொடங்கியிருந்தது. எண்ணெய்ப் புகையை அவள் சமாளித்துவிடுவாள். சாம்பிராணியை முடியாது. அது தொண்டையில் போய்க் கயிறு போட்டு இறுக்கும். கொல்லைக் கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டினாள். காயப்போட்ட நெத்திலியின் நெடி முகத்தில் அடித்தது. உள்ளே திரும்பினாள். மாமியார் பம்பை எங்கே வைத்திருப்பாள் என்று அலமாரியில் தேடினாள், மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் தேடினாள்.

“பாரதி, பொண்ண அழச்சுக்கிட்டு வாம்மா,” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

நாத்தனாரைக் கூட்டி வருவது அண்ணியின் கடமை. சந்திராவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை தேவையாக இருந்தது. சந்திரா கும்பிட்டுவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டு மூத்த பொம்பளை “போம்மா” என்று சொல்கிறவரை பெண் எழுந்திருக்கக் கூடாது. அது அங்கே முறை. பாரதியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பேர் கேட்டார்கள், படிப்பு கேட்டார்கள். சந்திரா மெல்லப் பதில் சொன்னாள். பாரதி இருமலை அடக்கினாள். அடக்க அடக்க அது உள்ளே போய்க் கீச்சென்று கத்தியது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. நெற்றியில் வேர்வை.

“ஏம்மா, நீதான் மருமவளா? ஒடம்பு சரியில்லியா?” என்றாள் அஞ்சுகம்.

பாரதி வாயைத் திறந்தாள். “இல்...” என்றதோடு நின்றது. ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த மூச்சைத் தேட வேண்டியிருந்தது. கூடத்தில் பேச்சு நின்று எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கல்யாணசுந்தரிக்கு முகம் வெளிறிவிட்டது. பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பைக் கொண்டுவந்தாள்.

“அது ஒண்ணுமில்லக்கா. நாளு தள்ளிப் போயிருக்கு. மசக்கை.”

அவ்வளவுதான், கூடமே மாறிப்போயிற்று. “அட, அப்படியா சேதி,” என்று பெண்கள் நகர்ந்து கிட்டே வந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் விசேஷம் இல்லாத வீட்டில் விசேஷம் என்றால் நல்ல சகுனம் அல்லவா? பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு நல்ல சேதி காதில் விழுந்தால் சம்பந்தம் கைகூடும் என்றாள் மூத்தவள்.

காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள் அமுதம். சம்பந்தி வீட்டுக் காரியத்துக்குக் கூடமாட உதவ வந்திருந்தாள். மகளின் மூச்சுச் சத்தம் அவளுக்கு எட்ட இருந்தே தெரியும். எத்தனை வருஷம் கேட்ட சத்தம். மகள் தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததைத் தெரிந்துகொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஆமாங்க,” என்றாள் அமுதம். “எங்கிட்டயே முந்தாநாளுதான் சொன்னா.”

பெற்றவள் சொன்னாள் இதை. சொல்லிவிட்டுக் காப்பியை வைத்தாள். தட்டில் தம்ளர்கள் ஆடிக் காப்பி சிந்தியது.

“சக்கர கொண்டாங்க, வாயில போடுவோம்,” என்றாள் மூத்தவள். சர்க்கரை டப்பா வந்தது. அந்த அம்மாள் பிரியமாகத்தான் செய்தாள், அதைக் குறை சொல்ல முடியாது. பாரதியின் தாடையைப் பிடித்துத் தூக்கி, காற்றுக்காகத் திறந்திருந்த வாயில் கை நிறையச் சர்க்கரையைக் கொட்டினாள்.

“மொத மசக்கை அப்படித்தாம்மா போட்டுப் பாக்கும். எனக்கும் மூத்தவன் வயித்துல இருக்கறப்ப மூச்சு முட்டிக்கிட்டே கெடந்துச்சு. கடைசியில ஆம்பளப் புள்ள.”

சர்க்கரை நாக்கில் கரைந்து தொண்டைக்குள் வழிந்தது. விழுங்கினால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் புரையேறும். பாரதியின் கண் பிதுங்கித் தண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஒருத்தி முதுகைத் தடவினாள். இன்னொருத்தி தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினாள். சுற்றிலும் பெண்கள், எல்லாரும் தாய்மார்கள், எல்லார் முகத்திலும் சிரிப்பு. அத்தனை பேருக்கு நடுவில் ஒருத்தி செத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக சசிதரன் பார்த்தான். எழுந்தான். பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டே மறுபடி உட்கார்ந்தான்.

சந்திரா குனிந்த தலையோடு அண்ணியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை ஜமக்காளத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. நகக்கண்கள் நீலமாகிவிட்டன. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்றைக்கு அவள் பார்த்த அதே நீலம். எழுந்திருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். வாசல் பந்தலில் முத்துக்குமரன் உட்கார்ந்திருக்கிறான் என்றும் தெரியும்.

எழுந்துவிட்டாள்.

“சந்திரா,” என்றாள் தாய், பல்லுக்கிடையில்.

அவள் நிற்கவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மா காலையில் அரிசி டின்னுக்குள் எதையோ புதைப்பதை அவள் பார்த்திருந்தாள். திரும்பி வந்தபோது முழங்கை வரை அரிசித் தூசி, கையில் நீல பம்பு. எல்லாரையும் விலக்கிக்கொண்டு உட்கார்ந்து அண்ணியின் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

“துப்புங்க அண்ணி. துப்பிடுங்க. இப்ப மூச்ச வெளியில வுடுங்க. ம், இழுங்க.”

புஸ் என்ற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை. தரையில் பாரதி துப்பிய சர்க்கரை ஈரமாகக் கிடந்தது. அஞ்சுகம் தன் கைப்பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“இது என்ன, இளைப்பா?” என்று மூத்தவள் கேட்டாள்.

கல்யாணசுந்தரி சிந்திய காப்பியைத் துடைக்கத் தொடங்கினாள். அமுதம் தம்ளர்களை நேராக வைத்தாள்.

“ஆமாங்க,” என்றாள் பாரதி. பேச வந்ததும் அதைத்தான் பேசினாள். “ஆஸ்துமா. மசக்கையில்ல.”

அதற்குள் சசிதரன் உள்ளே வந்துவிட்டான். இப்போது யாரையும் கேட்கவில்லை. பெண்டாட்டியைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். வந்தவர்கள் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். “கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்” என்று எழுந்தார்கள். வேன் போனதும் தெருவில் கதவுக்குக் கதவு தலைகள் முளைத்தன.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்தான் இருந்தார். நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, மூச்சு சீரானபின் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஆரஞ்சு தெனம் அடிக்கிறீங்களா?”

“முடிஞ்சப்ப.”

“அத அடிக்கிறதாலதாங்க ஒங்களுக்கு நோய் இல்லாத மாதிரி இருக்கு. அத நிறுத்துனா நோய்தான் மிச்சம். நா போன தடவையே சொன்னேன்ல?” என்று சசிதரனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த தடவை ஆஸ்பத்திரி வந்து சேர நேரம் இருக்கும் என்று நம்ப வேண்டாம் என்றார் டாக்டர். அதற்கும் அவன் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான்.

பாரதி வீடு திரும்பிச் சில நாள் கழித்து சிவசுப்பிரமணியன் வந்தார். இரண்டு குடும்பத்துக்கும் பழக்கமானவர், இந்தச் சம்பந்தத்தை எடுத்து வந்தவரே அவர்தான். கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். சுவரோரம் சந்திரா நின்றாள். வாசற்படிக்கு உள்பக்கமாகப் பாரதி உட்கார்ந்திருந்தாள்.

“அவங்க வேற எடம் பாக்குறாங்களாம் தங்கச்சி.”

கல்யாணசுந்தரி மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். “தெரியும். அன்னைக்கே தெரியும். ஒருத்தியோட சீக்கு எம் பொண்ணு வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுடுச்சு.”

“அது இல்ல,” என்றார் சிவசுப்பிரமணியன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இளைப்ப அவங்க ஒரு பொருட்டாவே எடுத்துக்கல. இத வெளியில சொல்லிடாதீங்க, அந்தம்மா அஞ்சுகத்துக்கே அது இருக்காம். மாப்பிள்ளையோட அக்காவுக்கும் இருக்காம். அன்னைக்கு சாம்பிராணிப் புகையில அந்தம்மாவுக்கே நெஞ்சு அடைச்சுக்கிட்டு வந்துச்சாம். பம்பு கைப்பையிலதான் இருந்துச்சாம். பொண்ணு வூட்டுல வச்சு எடுத்தா என்ன நெனப்பாங்களோன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க.”

பம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. சர்க்கரையை வாயில் கொட்டியபோது அந்தக் கைப்பை பாரதியின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த அம்மாளுக்கு அது மசக்கை இல்லை என்று முதல் மூச்சிலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அப்பறம் ஏன் வேணாங்குறாங்க?” என்றாள் கல்யாணசுந்தரி.

சிவசுப்பிரமணியன் சந்திராவைப் பார்க்காமல் சொன்னார். “பொண்ணுக்கு அடக்கம் பத்தாதாம். போம்மான்னு சொல்றதுக்கு முன்னாடி சபையில எந்திரிச்சுடுச்சாம். தாய் கூப்புடக் கூப்புட ஓடுச்சாம். நாளைக்கு வந்த எடத்துல எப்படி அடங்கி இருக்கும்னு கேக்குறாங்க.”

அவர் போனபிறகு சந்திரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள். போனை எடுத்தாள், அந்தப் போட்டோவை அழித்தாள், மறுபடி அழுதாள். பாரதி எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள நினைத்தாள். எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. உயிரைக் கொடுத்தவளுக்குத் தான் கொடுத்தது இதுதானே என்று மனசு அறுத்தது.

ஊரெல்லாம் இந்த நோய் இருக்கிறது, ஊரெல்லாம் அதை அரிசிக்குள்ளும் பைக்குள்ளும் புதைத்து வைத்திருக்கிறது என்று கல்யாணசுந்தரிக்கு அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. அவளுக்கு ஏதாவது உறைக்கும் என்று யாராயிருந்தாலும் எதிர்பார்ப்பார்கள். அவள் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டாள். கலைந்த முடியை ஒதுக்கினாள். அவ்வளவு அன்பாக அவள் பேசிப் பாரதி கேட்டதில்லை.

“வுடு, அழாத. தடைக்காலம் முடியறதுக்குள்ள இன்னொரு எடம் வரும். ஆனா ஒண்ணு. அடுத்தவங்க வந்து உக்காந்திருக்கறப்ப, எது நடந்தாலும் நீ எந்திரிக்கக் கூடாது. எது நடந்தாலும். என்ன?”

சந்திரா தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

“சரிம்மா,” என்றாள்.